எந்தக் கீழாநெல்லி, எந்தக் காமாலை?

எனக்குப் பத்து வயதில் மஞ்சள் காமாலை வந்தது. சிவகங்கைப் பக்கத்துக் கிராமம். நான்கு நாட்கள் காய்ச்சலும் குமட்டலுமாகக் கிடந்த என்னை ஐந்தாம் நாள் காலையில் எழுப்பி உட்காரவைத்து, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்த அப்பத்தா, ஒரு கொட்டாங்கச்சியில் சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். அதில் நாலைந்து சோற்றுப் பருக்கைகளைப் போட்டுக் கொல்லைப்புறத்தில் வைத்தார். சற்று நேரம் கழித்துத் தண்ணீர் விட்டு அலசியபோது, வெள்ளையாக இருக்க வேண்டிய பருக்கைகள் மஞ்சள் பூசியவை போல நிறமேறியிருந்தன. "காமாலைதான்டா. இனிமே எண்ணெய், புளி, உப்பு எதுவும் கெடையாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மறுநாள் விடிவதற்குள் கிணற்றடியிலிருந்து வேரோடு பிடுங்கிய ஒரு பிடி கீழாநெல்லி அம்மிக்கு வந்திருந்தது. மண் போகக் கழுவி, வேர், தண்டு, இலை, காய் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, கடைந்தெடுத்த மோரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுத்தார். முதலில் துவர்ப்பும், விழுங்கிய பிறகு தொண்டையடியிலிருந்து மேலேறும் கைப்புமாக இருந்த அந்தச் சுவையை இன்றும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியும். ஏழு நாள் மருந்து, மோர்ச்சோற்றுப் பத்தியம். மூன்றாவது வாரத்தில் கண் வெளுத்தது, பசி எடுத்தது, பள்ளிக்குப் போனேன். என்னைக் கீழாநெல்லி காப்பாற்றியது என்பதில் எங்கள் வீட்டில் எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பின்னாளில் மூலிகைச் சரக்குகளின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் கீழாநெல்லி மூட்டைகளைப் பிரித்துப் பார்த்த பிறகு எனக்கு அந்த உறுதி போய்விட்டது. அதற்காகச் செடியின் மீது மதிப்புக் குறைந்துவிட்டது என்று பொருளில்லை. கீழாநெல்லி என்று நாம் கூப்பிடுவது ஒரே செடியை அல்ல என்பதும், காமாலை என்று நாம் சொல்வது ஒரே நோயை அல்ல என்பதும் தெரிந்த பிறகு, "கீழாநெல்லி காமாலையைக் குணமாக்கும்" என்ற எளிய வாக்கியத்தை என்னால் முன்போல் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் நோயை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து சிதையும் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. அது நீரில் கரையாதது. ஈரல் அதனோடு குளுகுரோனிக் அமிலத்தை இணைத்து நீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. இந்தப் பாதையில் எங்கு தடங்கல் ஏற்பட்டாலும் கண் மஞ்சளாகும். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதையலாம், வைரஸாலோ, சாராயத்தாலோ, காசநோய் மாத்திரையாலோ, அளவு தப்பிய பாராசிட்டமாலாலோ ஈரல் செல்கள் பழுதாகலாம், கல்லோ கட்டியோ பித்தநாளத்தை அடைக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். காமாலை என்பது இவை எல்லாவற்றின் அறிகுறி.

அப்பத்தாவின் சோற்றுப் பருக்கைச் சோதனையை நான் ஒருபோதும் கேலி செய்யமாட்டேன். ஈரல் பக்குவப்படுத்தி நீரில் கரையவைத்த பிலிருபின் மட்டுமே சிறுநீரில் இறங்கும். ஆகவே பருக்கை மஞ்சளானால் கோளாறு ஈரலிலோ பித்தநாளத்திலோ இருக்கிறது என்று ஊகிக்க இடமுண்டு. சிவப்பணுச் சிதைவால் வரும் காமாலையில் பெருகுவது கரையாத வகை என்பதால் பருக்கையில் பெரிதாக மஞ்சள் ஏறாது. காசு செலவில்லாமல் இவ்வளவு பிரித்துச் சொல்லும் சோதனையை எவரோ எந்தக் காலத்திலோ கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் ஈரல் வீக்கத்துக்கும் நாள அடைப்புக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை அதனால் சொல்ல முடியாது. இரண்டிலும் பருக்கை மஞ்சளாகும்.

நம் ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் காமாலையில் பெரும்பகுதி அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ என்ற வைரஸ் ஈரல் வீக்கம். எனக்கு வந்ததும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அது சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். நாட்பட்ட நோயாக மாறுவதில்லை. ஹெப்படைட்டிஸ் பி கிருமி தொற்றிய பெரியவர்களிலும் 100 பேரில் ஏறத்தாழ 95 பேரின் உடல் எந்த மருந்தும் இல்லாமலே அதை வென்றுவிடுகிறது. ஆகவே மூன்று வாரத்தில் தானே ஆறும் நோய்க்கு முதல் வாரத்தில் எதைக் கொடுத்தாலும் நல்ல பெயர் அதற்குத்தான் போய்ச் சேரும். பிறந்த பச்சைக் குழந்தைக்குத் தொற்றினால் கதை தலைகீழ்: 10 குழந்தைகளில் 9 பேருக்கு ஹெப்படைட்டிஸ் பி நாட்பட்டதாக உடலில் தங்கிவிடும். பின்னாளில் ஈரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் இழுத்துச் செல்வது அப்படித் தங்கும் கிருமிதான். எந்த மூலிகைக்கும் உண்மையான பரீட்சை அங்கேதான்.

அந்தப் பரீட்சை சென்னையில் நடந்தது. நம் செடியின் வரலாற்றில் பெரிதாகப் பேசப்பட வேண்டிய அத்தியாயம் அது. ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் மேற்பரப்புப் புரதத்தை ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் முதன்முதலாகக் கண்டறிந்து, அதற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க், பிலடெல்பியாவின் பாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் இருந்தவர். பாரம்பரிய மருத்துவங்கள் காமாலைக்குச் சொல்லும் செடிகளை அவருடைய குழுவினர் ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, இந்தியாவிலிருந்து போன ஒரு செடியின் சாறு, கிருமி தன் மரபுப்பொருளைப் படியெடுக்கப் பயன்படுத்தும் டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியைச் சோதனைக் குழாயில் தடுத்தது. உட்சக் என்ற வட அமெரிக்கக் கொறிவிலங்குக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் வரும். அந்த விலங்குகளிலும் பலன் தெரிந்தது. 1987-ல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையிலும், அதே ஆண்டு அவர்கள் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையிலும் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி.

அடுத்த ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழு புளூம்பெர்க் குழுவோடு சேர்ந்து நடத்திய ஆய்வை லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. கிருமியை நாட்பட்டுச் சுமப்பவர்களுக்கு வேளைக்கு 200 மில்லிகிராம் செடித்தூளை நாளைக்கு மூன்று வேளை, 30 நாட்கள் கொடுத்தார்கள். மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் பரிசோதித்தபோது, செடித்தூள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் மேற்பரப்புப் புரதம் காணப்படவில்லை; போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆகியிருந்தது. நூற்றுக்கு 59, நூற்றுக்கு 4. இந்தப் புரதம் ஆண்டுக்கு நூறில் ஓரிருவரிடம் தானாக மறைவதே அபூர்வம் என்று அறிந்த எவரும் அந்த எண்களைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கட்டுரையில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் அமாரஸ்.

ஓராண்டுக்குள் பெயர் மாறியதற்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. அதற்குமுன் எண்களின் கதையை முடித்துவிடுகிறேன். 1990-ல் தாய்லாந்துக்காரர்கள் இதே செடியை இதேபோல் கொடுத்துப் பார்த்துவிட்டு, கிருமி அகலவில்லை என்று அதே லான்செட்டில் எழுதினார்கள். நெதர்லாந்திலும் நியூசிலாந்திலும் பின்னர் நடந்த ஆய்வுகளுக்கும் அதே விடைதான் கிடைத்தது. ஃபில்லாந்தஸ் வகைச் செடிகளைக் கொண்டு நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கு நடத்தப்பட்ட 16 ஆய்வுகளை 2011-ல் அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்புரை, நம்பத்தகுந்த சான்று இல்லை என்றே முடித்தது. சென்னை ஆய்வைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. அதை எழுதியவர்களே முதற்கட்ட ஆய்வு என்றுதான் குறிப்பிட்டார்கள். இரு பக்கமும் சேர்த்து 60 பேரை வைத்து அளந்த ஒன்று, வேறு ஊரில், வேறு மனிதர்களிடம், வேறு மண்ணில் விளைந்த சரக்கோடு அப்படியே மீண்டும் வரவில்லை. நம் ஊர்ச் செய்தித்தாள்களும் மேடைகளும் 1988-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 1990-ஐ மறந்துபோனதில்தான் எனக்கு வருத்தம்.

இப்போது பெயருக்கு வருகிறேன். செடிகளுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் 1753-ல் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று பெயர் சூட்டிய செடி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. நம் தாவர நூல்கள் நெடுங்காலமாக அந்தப் பெயரை இங்குள்ள கீழாநெல்லிக்கு ஒட்டிவைத்திருந்தன. கிரேடி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1950-களில் இந்தப் பேரினத்தைக் கிளறி ஆராய்ந்த பிறகுதான் சிக்கல் அவிழத் தொடங்கியது. நிரூரி என்ற பெயரில் இந்தியாவில் புழங்கியவை அமாரஸ், ஃபிரட்டெர்னஸ், டெபிலிஸ் ஆகிய மூன்று வெவ்வேறு இனங்கள் என்று 1985-ல் நம் தாவரவியலாளர்கள் எழுதினார்கள். போதாக்குறைக்கு யூரினேரியா என்ற சிவப்புத் தண்டுக்காரியும் இந்தக் கூட்டத்தில் உண்டு. சற்றுத் தள்ளி, மேலாநெல்லி என்று நாம் சொல்லும் ஃபில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ். அந்தப் பெயருக்குள் நம் மதராசபட்டினமே உட்கார்ந்திருக்கிறது.

சித்த மருத்துவர்கள் சமூலம் என்பது முழுச் செடியை. சமூலமாகக் காய்ந்து, கட்டுக்கட்டாக வந்து இறங்கும் சரக்கில் இவற்றைப் பிரிப்பது பொறுமை கேட்கும் வேலை. உயிரோடு இருக்கும் செடியில் இது அவ்வளவு கடினமில்லை. நாம் இலைக்கொத்து என்று நினைப்பது உண்மையில் ஒரு சிறு கிளை. அதன் இரு புறமும் வரிசையாக நிற்பவை தனித்தனி இலைகள். அந்தி சாய்ந்தால் இலைகள் இணை சேர்ந்து மடங்கிக்கொள்ளும். கிளையைத் திருப்பினால் அடிப்புறத்தில் மிளகில் பாதி அளவு காய்கள் தொங்கும்; கீழ்க்காய் நெல்லி என்ற பழைய பெயர் அதனால் வந்தது. அமாரஸின் பூவில் 5 இதழ்கள், ஃபிரட்டெர்னஸில் 6. அமாரஸின் காய் வழவழப்பாகச் சிறு காம்பில் தொங்கும். யூரினேரியாவின் காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, மேலே சொரசொரப்பாக இருக்கும். பூ உதிர்ந்து, காய் நொறுங்கி, எல்லாம் பொடியாகிவிட்ட சரக்கில் விதைதான் கடைசிச் சாட்சி. உருப்பெருக்கியில் பார்த்தால் அமாரஸ் விதையின் முதுகில் நீளவாக்கில் வரப்புகள் ஓடும், யூரினேரியாவில் குறுக்குவாக்கில். ஒரே மூட்டையில் இரண்டு வகை வரப்பையும் பார்த்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. வயலில் களை பறிப்பது போல ஆட்களைக் கூலிக்கு விட்டுச் சேகரிக்கும் செடியில் இதைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்க முடியாது.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. செடிக்குள் இருக்கும் பொருட்கள் இனத்துக்கு இனம் மாறுகின்றன. கைப்பைத் தரும் பொருளை 1946-ல் ஃபில்லாந்தின் என்ற பெயரில் பிரித்தெடுத்தவர்கள் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் கிருஷ்ணமூர்த்தியும் டி.ஆர். சேஷாத்ரியும். சேஷாத்ரி நம் குளித்தலையில் பிறந்தவர். இயற்கைப் பொருள் வேதியியலில் உலகம் அறிந்த பெயர். ஃபில்லாந்தினும் அதன் உடன்பிறப்பான ஹைப்போஃபில்லாந்தினும் லிக்னான் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. ஈரலைக் கெடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடை எலியின் ஈரல் செல்கள் மீது விட்டு, இவ்விரண்டும் அந்தச் செல்களை ஓரளவு காக்கின்றன என்று 1985-ல் காட்டினார்கள். அமாரஸின் உலர்ந்த இலையில் இவை நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தண்டில் அதைவிடச் சொற்பம். கூட்டத்தின் பிற இனங்களில் பெரும்பாலும் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. ஆகவே இலை உதிர்ந்து குச்சியாக வரும் சரக்கு, இனம் சரியாகவே இருந்தாலும், பாதி மருந்தைத் தொலைத்துவிட்டுத்தான் வருகிறது.

ஆய்வுக்கூடத்தில் டி.எல்.சி. என்று ஒரு சோதனை செய்வோம். சிலிகா பூசிய தகட்டின் அடியில் செடியின் சாற்றை ஊசிமுனைப் பொட்டாக வைத்து, பக்கத்தில் தூய ஃபில்லாந்தினை இன்னொரு பொட்டாக வைத்து, ஹெக்சேனும் எத்தில் அசிடேட்டும் கலந்த கரைப்பானில் தகட்டை நிறுத்தினால், கரைப்பான் மெல்ல மேலேறும்போது ஒவ்வொரு பொருளும் தன்தன் உயரத்தில் இறங்கிக்கொள்ளும். அமிலம் தெளித்துச் சூடுகாட்டியதும் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். தூய ஃபில்லாந்தின் நிற்கும் உயரத்தில் சரக்கின் வரிசையில் ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக இருக்கும் தகடு, அந்த மூட்டையை அனுப்பியவரிடம் தொலைபேசியில் பேச வேண்டிய சங்கடத்தைக் கொண்டுவரும். "கீழாநெல்லிதான் சார், எங்க ஆளு பொறந்ததுலேருந்து பறிக்கிறான்" என்பார் அவர். அவர் சொல்வதும் உண்மைதான். தமிழில் அது கீழாநெல்லிதான்.

லிக்னான்களோடு கதை முடிவதில்லை. துவர்ப்பைத் தரும் ஜெரானின், கோரிலாஜின் போன்ற டானின்கள், குவெர்செட்டின், ரூட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகள், நார்செக்யூரினின் முதலிய ஆல்கலாய்டுகள் எல்லாம் இச்செடியில் உண்டு. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று கரையும் தன்மை. டானின்கள் நீரில் நன்றாக இறங்கும். ஃபில்லாந்தின் இறங்காது, அதற்கு எண்ணெயோ சாராயமோ வேண்டும். கீழாநெல்லியைக் கஷாயமாக வைத்து வடிகட்டிக் குடிப்பவர் பெரும்பாலும் துவர்ப்புப் பொருளைத்தான் குடிக்கிறார். ஃபில்லாந்தின் சக்கையோடு குப்பைக்குப் போகிறது. அரைத்த விழுதை அப்படியே விழுங்கவைத்த அப்பத்தாவின் முறையில் சக்கையும் சேர்ந்தே உள்ளே போனது. மோரில் எஞ்சிய வெண்ணெய்க்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. என் பெரியப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் கண் மஞ்சளானது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சுண்ணாம்பு போல வெளுப்பு, எடை இறக்கம். பக்கத்து ஊர் வைத்தியர் கீழாநெல்லி கொடுத்தார். அவர் நல்ல மனிதர், காசுக்கு ஆசைப்பட்டவர் அல்லர். அவருடைய கைராசியில் எங்கள் ஊரே நம்பிக்கை வைத்திருந்தது. இரண்டு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, பித்தநாளத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அறுவைக்கான காலம் கடந்துவிட்டது என்றார்கள். முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த நோய் அப்படிப்பட்டது. ஆனால் வெளுத்த மலமும் அரிப்பும் சேர்ந்து வந்தால் அது நாள அடைப்பு என்று அன்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கலாம். கர்ப்பிணிக்கு வரும் காமாலையும் அப்படித்தான்: ஹெப்படைட்டிஸ் ஈ கடைசி மூன்று மாதங்களில் தொற்றினால் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும். தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், வாந்தியில் ரத்தம், பச்சைக் குழந்தையின் உடலில் ஏறிக்கொண்டே போகும் மஞ்சள், இவற்றில் எதற்கும் அம்மியைத் தேடக் கூடாது.

நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி கிருமியை அடக்கிவைக்க இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்குப் போடத் தடுப்பூசி இருக்கிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜூலை 28 உலக ஹெப்படைட்டிஸ் நாள். புளூம்பெர்க்கின் பிறந்தநாள் அது. அந்தத் தடுப்பூசிக்கு வழி திறந்தவரும், நம் கிணற்றடிச் செடியைத் தேடி வந்தவரும் ஒரே ஆள்.

செடியின் வேறு பயன்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பிரேசிலில் உண்மையான நிரூரிக்குக் கல்லுடைப்பான் என்று பொருள்படும் பெயர் உண்டு. சிறுநீரகக் கல்லில் அதன் விளைவை அங்கு ஆராய்ந்திருக்கிறார்கள். தலைக்குத் தேய்க்கும் கீழாநெல்லித் தைலம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, குளிர்ச்சி என்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் வேறு மருந்துகளில் இருப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடர்ந்து உட்கொள்வது நல்லதல்ல; மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதிகளை இச்செடியின் சாறு தடுப்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஊருக்குப் போனபோது, உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு பழைய கிணற்றடிக்குப் போனேன். கிணறு தூர்ந்துவிட்டது, பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் கசிந்து எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் கீழாநெல்லி அடர்ந்து கிடந்தது. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கிளையாகத் திருப்பிப் பார்த்தேன். வழவழப்பான காய், நீளவாக்கில் வரப்போடிய விதை: அமாரஸ். அதன் தோளோடு தோளாக, சிவந்த தண்டும் சொரசொரத்த காயுமாக யூரினேரியா. 1990-களில் சீனாவில் மூன்று ஊர்ச் சரக்குகளை ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில் மற்ற இரண்டையும்விட நன்றாக வேலை செய்ததாகச் சொல்லப்பட்டதும் இந்த யூரினேரியாதான். விடிவதற்கு முன், அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில், இலை மடங்கி உறங்கும் நேரத்தில் அப்பத்தா ஒரு பிடி பிடுங்கியபோது எது எத்தனை கையில் வந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது.